கூடலூர்ப் பக்கமிருந்து படித்த கதை

இன்று காலை எங்கள் தெருவின் புதுத் தார் ரோட்டில் பிள்ளைகள் பாண்டி ஆடச் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்த நான் மிதிக்க மனமில்லாமல் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனேன். ஒவ்வொரு கட்டத்திலும் நீ இருப்பாய் என்று தோன்றிவிட்டது, சண்டாளா.

எழுபதுகளில் கம்பம் மெயின் ரோட்டோரத்தில் தரையில் சாமி வரைந்தவர்கள் உண்டு. நீ மட்டும்தான் துப்பறிவாளனை வரைந்தாய். பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய காமிக்ஸ் புத்தகங்கள்தான் உனக்கு வேதம். "ரோடும் புத்தகந்தான்டா. பக்கம் புரட்ட வேணாம், நடந்தாப் போதும்" என்பாய். என் சைக்கிள் கடை வாசலில் தொடங்கும் கதை, கட்டம் கட்டமாகக் கூடலூர் போகும் திசையில் நீளும்.

உன் அப்பாவுக்கு அது பிழைப்பாகவே தெரியவில்லை. மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் உனக்கு வேலை பேசிவிட்டு, கையோடு கூட்டிப்போகக் கூடலூரிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று விடிந்ததுமே நீ ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய். "கடைசியா ஒண்ணு வரைஞ்சுக்கிறேன்டா" என்றாய். முதல் கட்டத்தில் துப்பறிவாளன் அம்மாவிடம் விடைபெறுகிறான். மலையேறுகிறான், கடத்தல்காரர்களோடு மோதுகிறான், கடைசிக் கட்டத்தில் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறான். உன் மனசு அன்றைக்கு அப்படி இருந்தது.

"அப்பா வந்துட்டாகடா, அங்கன நிக்கிறாக" என்று நான்தான் உன்னைத் தட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், பள்ளத்தில் கிடந்தவனிடமிருந்து ஆரம்பித்தார். எழுத்துத் தெரியாத மனிதர். படத்தை மட்டும் பார்த்தபடி ஒவ்வொரு கட்டமாக நம்மை நோக்கி வந்தார். "இந்தப் பக்கமிருந்து பாக்கணும்" என்று கத்த நீ வாயெடுத்தாய். நான் பொத்தினேன்.

அம்மா நிற்கும் கட்டத்தில் வெகுநேரம் நின்றார். "ஏலே, செத்துட்டான்னுல்ல நெனச்சேன். எந்திரிச்சு ஆத்தாகிட்ட வந்து சேந்துட்டானே!" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி, நீயும் இங்கனயே கெட" என்று சொல்லிவிட்டு என்னிடம் டீ கேட்டார். உன் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

உன்னை எரித்துவிட்டு வந்த நாளில், உன் கதையை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் உன் அப்பா வந்த பக்கமிருந்தே படிக்கிறேன். மயானத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. இருமல் நிற்கிறது, நரை கறுக்கிறது, கடைசியில் நீ என் கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து முதல் கட்டத்துக்குக் கோடு போடுகிறாய்.