அணைந்துகொண்டே இருந்த ஹீட்டர்

2 மார்ச் 1959
ஹீட்டர் இன்றும் அணைந்துவிட்டது. காஜா பேராங்கில் இந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரர், சீமைக்குத் திரும்பும்போது குளியலறைச் சுவரில் விட்டுப்போன கேஸ் ஹீட்டர். உள்ளே ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிய வேண்டுமாம். எங்களிடம் மட்டும் நிற்பதில்லை. பிள்ளை பெற்று வந்திருக்கும் நாத்தனார் சீதாவுக்கு வெந்நீர் வேண்டுமே! தீக்குச்சி கிழித்தே கை ஓய்ந்துபோகிறது.

4 மார்ச்
காற்றுதான் அணைக்கிறது என்று இவர் குளியலறைச் சன்னலில் கோணிப்பையைத் திணித்தார். "இனிமே பாரு வேணி, அசையாது!"

5 மார்ச்
மறுபடியும் அணைந்தது. மறுபடியும் கொளுத்தினோம். குளித்து வந்த சீதாவுக்குத் தலைவலி. "பிள்ளை பெத்த உடம்பு அண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

6 மார்ச்
எழுத வரவில்லை.
இவர் ஆபீஸ் போயிருந்தார். சீதா குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது. அவன் சிணுங்கினாலே "தோ வந்துட்டேண்டா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பவள் — சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. கத்தினேன். பக்கத்து வீட்டுத் தம்பிராஜா, பல தலைமுறையாய் இந்த ஊரிலேயே கலந்துபோன செட்டிக்காரர், ஓடி வந்து கதவை மோதித் திறந்தார். சீதா தரையில். கன்னம் சிவந்து, தூங்குகிறவள் மாதிரி. தமிழ் வராத அவர் "செப்பாட்! செப்பாட்!" என்று, சீக்கிரம் சீக்கிரம் என மலாயிலேயே என்னை விரட்டினார். புடவையைச் சுற்றி முற்றத்துக்கு இழுத்தோம். ஐயோ, மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலியே... அப்புறம் ஒரு இருமல். ஆஸ்பத்திரி.

7 மார்ச்
சீதா பேசினாள். "புள்ள பால் குடிச்சானா?"
டாக்டர் சொன்னார்: விஷப்புகை, வாசனையே தெரியாது. தம்பிராஜா கூரையில் ஏறிப் பார்த்தார். ஹீட்டரின் புகைக்குழாய் முழுக்க மைனாக் கூடு. வெளியே போக வழியில்லாமல் புகை அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அதில் சுடருக்கே மூச்சு முட்டியிருக்கிறது. அது அணைய அணைய, நாங்கள் கொளுத்தினோம்! மிச்சமிருந்த சன்னலையும் அடைத்தோம்!
இவர் கோணிப்பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை.

10 மார்ச்
சீதா வீடு வந்தாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

19 மார்ச்
ஹீட்டரைக் கழற்றியாகிவிட்டது, மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்நீர். இருந்தாலும் இன்று சீதா குளிக்கப் போனதும், இவர் குழந்தையோடு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
"பேசிக்கிட்டே இரும்மா."
"என்னத்தண்ணே பேசறது?"
"எதையாச்சும்."
"ஒன்னைய நல்லாத் திட்டட்டுமா?"
"திட்டும்மா."
ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.