அன்சர் குரலில் லூயிஸ்–அலி

பிப்ரவரி 9, 2025. ஞாயிறு.

ஃபிரேசரும் டைசனும் இன்று ஒருவழியாக மோதி முடித்தார்கள். ஆறாவது ரவுண்டில் ஃபிரேசர் விழுந்தார். எனக்கு இதில் சம்மதமே இல்லை. ஃபிரேசர் எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து வருகிற ஆள். அன்சரிடம் சொன்னால், "எந்திரிப்பார்டா. எந்திரிச்சா டைசன் சும்மா வுட்டுடுவாரா?" என்கிறான்.

வேறு வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் ஒரே மேடையில் ஏறினால் யார் ஜெயிப்பார்? இதுதான் எங்கள் யூடியூப் சேனல். நான் கோட்டுப் படம் வரைந்து அசைய வைப்பேன். வர்ணனை அன்சர். மற்ற நாட்களில் அவன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை, நான் இரண்டு தெரு தள்ளிக் கல்யாண வீடியோ எடிட்டிங். டவுன் ஹாரன் சத்தத்தில் எதையும் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் மலைமேல் கரியாலூர். பாவாடை அண்ணன் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் ஒன்றைத் திறந்துவிடுவார்.

இன்று அடிக்கடி நிறுத்தினோம். அன்சருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பொங்கலிலிருந்தே இப்படித்தான். மலைப்பனி என்கிறான்.

பிப்ரவரி 16

வீடியோவுக்குக் கீழே ஒருத்தர்: "பாய், குரலுக்கு இன்னா ஆச்சு?" அன்சர் பதில் போட்டிருக்கிறான்: "டைசன் கையால ஒரு குத்து வாங்கிட்டேன் பாஸ்."

பிப்ரவரி 27

ருக்ஷானா கடைக்கு வந்தாள். இடுப்பில் மகள் நூரு. அன்சரின் வீட்டுக்காரி இத்தனை வருஷத்தில் என் கடைப்படி ஏறியதில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட சொன்னாரா?"

"இன்னாம்மா?"

சொல்லியிருக்கவில்லை. விழுப்புரத்தில் டியூப் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பி, முடிவும் வந்துவிட்டது. குரல்வளையில் புற்று. குரல்வளை முழுவதையும் எடுத்தால் பிழைப்பான். எடுத்தால் பேச்சு கிடையாது.

"நோம்பு முடியட்டும்னு சொல்றார். நோம்பு முடிஞ்சா வேற ஒண்ணு சொல்வார். அந்தச் சண்டை இருக்கே, லூயிஸா என்னமோ, அதைப் பேசி முடிச்சிட்டுதான் போவாராம். உசுரவிட சண்டை ஜாஸ்தியாண்ணா? நீங்க சொன்னா கேப்பார்."

நூரு என் மௌஸைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு வயது. நான் ருக்ஷானாவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28

அன்சர் கடை வரை போனேன். சொல்லாமல் வந்துவிட்டேன். ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு.

மார்ச் 9, ஞாயிறு.

இன்று சொன்னேன். நோன்பில் வாடிப்போய் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை.

"டாக்டர் தேதி குடுத்தாரா?"

கல்லாப் பெட்டியை மூடினான். பிறகு, "ருக்ஷானா வந்தாளா?" என்றான்.

"வந்துச்சு. ஏன்டா என்கிட்ட மறைச்ச?"

"சொன்னா இதோ இப்பிடித்தான் மூஞ்சை வெச்சிக்கினு நிப்ப."

லூயிஸ்–அலி முடிந்ததும் போய்ப் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். அந்தச் சண்டையை நாங்கள்தான் வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டு வந்தோம். அவனுக்கு லூயிஸ். எனக்கு அலி. லூயிஸ் ஜாப் என்கிற நேர்க்குத்தை அடித்துவிட்டு இடது கையைத் தாழ்த்துவார், அந்த வழியில் அலியின் வலது கை புகுந்துவிடும் என்பேன் நான். அலி குத்துக்குக் குனியமாட்டார், தலையைப் பின்னால் இழுப்பார், லூயிஸிடம் அது நடக்காது என்பான் அவன். பேச்சு முற்றினால் எழுந்து போய்விடுவோம். முடிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்கிற பயமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

"லூயிஸ்–அலி கிடையாது. நான் வரைய மாட்டேன். சேனலையே மூடுறேன்" என்றேன்.

அவன் கத்த முயன்றான். காற்றுதான் வந்தது. அதற்குப் பிறகு மெதுவாக, "என் தொண்டைடா அது. உனக்கு வீடியோ போவுது, அவ்ளோதான். எனக்கு இன்னா போவுதுன்னு தெரியுமா உனக்கு?" என்றான்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 18

அன்சர் போனை எடுப்பதில்லை. ருக்ஷானாவிடம் கேட்டால், "வூட்லயும் பேசறதில்லண்ணா" என்கிறாள். இருக்கிற கொஞ்சக் குரலையும் வீணாக்குகிறானே. அல்லது சேர்த்து வைக்கிறானா?

ஏப்ரல் 2

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அவனே வந்தான். கழுத்து இளைத்திருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம்.

"தேதி வாங்கிட்டேன். பதினஞ்சு. புதுச்சேரி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கவனிக்காத மாதிரி என் மானிட்டரைப் பார்த்தான். அதில் யாரோ ஒரு மாப்பிள்ளை மாலையோடு உறைந்து நின்றுகொண்டிருந்தார்.

"அதுக்கு முன்ன ஒரு நாள் மலைக்குப் போலாம்டா. உன் கையில கால்ல வுழமாட்டேன். நீ படம் வரையாட்டியும் பரவாயில்ல. நான் பேசிட்டு வரேன்."

வரைகிறேன் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு.

ருக்ஷானாவும் நூருவும் கூட வந்தார்கள். கார் வைத்துக்கொண்டோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஏறினோம்.

பாவாடை அண்ணன் அன்சரின் மூச்சைக் கேட்டுவிட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அன்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மலையில் இதற்கு ஏதாவது பச்சிலை இருக்கிறதா என்று கேட்டது என் காதில் விழுந்தது. "இருந்தா உனக்குக் குடுக்காமலா இருப்பேன் தம்பி? ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் அவர். இதைக்கூட இவன் கேட்டுப் பார்க்கவேண்டியிருந்ததே.

பதினைந்து ரவுண்டு. இரண்டு பேர் காலத்திலும் அதுதான் கணக்கு. முதல் நாலு ரவுண்டு அலிக்குக் கொடுத்தான். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று கொடுத்தானோ என்னவோ. "லூயிஸ் அவசரப்படல. பாருங்க, காலு மட்டும் நவுருது, கை நவுரல. அலி பேசிக்கினே சுத்துறார். லூயிஸ் பேசறதே இல்ல. அவருக்குப் பேச வேண்டிய அவசியமே இல்ல." ஐந்தாவதில் அலி தலையைப் பின்னால் இழுத்தபோது லூயிஸின் வலது கை பிடித்துவிட்டது. அலி முட்டி போட்டார். எழுந்தார். மறுபடி ஆட ஆரம்பித்தார். கரகரத்த, உடைந்த குரல்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. ருக்ஷானா வாசலில் நின்றவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாகக் கேட்கிறாள்.

பத்தாவது முடிந்து வெந்நீர் குடித்தபோது மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அலி பேசிப் பேசியே ஜெயிச்ச மனுசன்டா. கடைசில நோய் வந்து அவருக்கும் பேச்சு அடங்கிப் போச்சு. நான் யாரு?"

பதினொன்றாவது ரவுண்டு. "ரெண்டு பேரும் நடுவுல வராங்க..." அவ்வளவுதான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு தடவை முயன்றான். இருமினான். கைக்குட்டையில் சிவப்பு. ருக்ஷானா மைக்கைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

இறங்கும்போது என் காதருகில், "மிச்சத்த நீ பேசிடு" என்றான்.

மாட்டேன்டா.

ஏப்ரல் 15

காலையில் உள்ளே கொண்டுபோகும் முன் அவனையும் ருக்ஷானாவையும் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அவன் கடைசியாகப் பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அது அவளுடையது.

சாயங்காலம் டாக்டர் வந்து, முழுவதும் எடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றார்.

மே 4

அன்சர் வீட்டில். கழுத்தின் குழியில் ஓட்டை, அதன் மேல் மெல்லிய துணி. போனில் எழுதிக் காட்டுகிறான். கழுத்தில் வைத்துப் பேசும் மெஷினைத் தொடுவதே இல்லை. ஒரு தடவை வைத்தானாம். நூரு பயந்து வீரிட்டுவிட்டாளாம்.

கடைக்கு அவன் தம்பி போகிறான்.

மே 25

போன வாரம் படம் வரைந்து முடித்தேன். போடலாமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சரி என்று தலையாட்டினான். பதினொன்றாவது ரவுண்டின் தொடக்கத்தில் இருவரும் நடுவில் வருவதோடு நிறுத்திவிட்டேன். இதுவரை எங்கள் வீடியோ எதையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. "யார்தான் ஜெயிச்சாங்க?" என்று திட்டுகிறார்கள். அவன் எதையும் படிப்பதில்லை. வீடியோவையும் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு.

மத்தியானம் அன்சர் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எதிரே தரையில் நூரு மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சமையல் கட்டில் ருக்ஷானா. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. போனைச் சின்ன சத்தத்தில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "லூயிஸ் அவசரப்படல. பாருங்க..."

நூரு தலையைத் தூக்கினாள். "அத்தா!" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்சரின் முழங்கால் மேல் உரசிக்கொண்டு, அவனைத் தாண்டி, சமையல் கட்டுக்கு. "அத்தா, அத்தா" என்று போனைப் பிடித்து இழுத்தாள்.

ருக்ஷானா பதறிப்போய் அதை அணைக்கப் போனாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அன்சர் எழுந்து போனான். போனை வாங்கினான். அணைத்துவிடுவான் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி, நூருவின் மடியில் வைத்து, அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டான். போனில் குரல் ஓட ஓட அவன் உதடுகளும் கூடவே அசைந்தன, ஒரு வார்த்தை பிசகாமல்.

நூரு திரும்பிப் பார்க்கவில்லை.