எனக்கென்று ஒரு துண்டு

மார்ச் 4, செவ்வாய்

கோழி விலை மறுபடியும் ஏறிவிட்டது. காலையிலேயே கேண்டீன் மேலாளர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். வாரத்தில் இரண்டு நாள் கறி என்பது இனி ஒரே நாள், வியாழக்கிழமை மட்டும். சொல்லிவிட்டுத் திரும்பியவர் நின்று, துண்டையும் கொஞ்சம் சின்னதாக வெட்டச் சொன்னார். இதற்கு மேல் சின்னதாக வெட்டினால், சோற்றுக்குள் கறி எங்கே இருக்கிறது என்று தேடித் தர ஓர் ஆளை வேலைக்கு வைக்க வேண்டும். பிஸ்கட் கம்பெனியில் இருநூறு பெண்கள். எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் கரண்டி பிடித்திருக்கிற நான்தானே.

நல்லவேளை, வீட்டில் அந்தக் குறை இல்லை. என் வீட்டுக்காரர் கோழி லாரி ஓட்டுகிறார். முதலாளி வாரம் ஒரு கோழி கொடுத்துவிடுவார். இன்றும் அவர் எலும்பைக் கடித்த சத்தத்தில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பதின்மூன்று வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வீட்டில் பெயர் வக்கீல்.

மார்ச் 10, திங்கள்

கறியை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். வயிறு சரியில்லையாம்.

மார்ச் 12, புதன்

வயிறு இல்லை. மனசு.

கேட்டுக் கேட்டு இன்றுதான் வாயைத் திறந்தார். சனிக்கிழமை பாலத்தில் ஒரு டேங்கர் கவிழ்ந்து வழி அடைத்துவிட்டதாம். நடு வெயிலில் ஐந்து மணி நேரம். பின்னால் கூண்டு கூண்டாகக் கோழிகள். கொக்கரிப்பு நின்று, வாயைப் பிளந்துகொண்டு இரைக்க ஆரம்பித்தனவாம். பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு வாளி வாங்கி, குழாய்க்கும் லாரிக்குமாக நடந்து நடந்து ஊற்றியிருக்கிறார். ஒன்று கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அவர் உள்ளங்கையிலேயே குடித்ததாம்.

"கையில தண்ணி குடிச்சுது. அப்புறம் நானே கொண்டுபோய் இறக்கி விட்டுட்டு வந்தேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். லாரி ஓட்டுகிற ஆள், ஆறடி, மீசை, கோழிக்காகக் கண் கலங்குகிறாரே என்று. சிரித்திருக்கக் கூடாது. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார்.

மார்ச் 15, சனி

சண்டை. நல்ல சண்டை.

மூன்றாவது முறையாகக் கறி அப்படியே திரும்பி வந்தது. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? எழுதிப் பார்த்தால் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்த வீட்டில் ஆறு பேர். யாராவது விருந்தாளி வந்தால்தான் கறி. துண்டெல்லாம் விருந்தாளிக்கும் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும். பெண்களுக்குச் சாறு. சாற்றிலேயே எல்லாச் சத்தும் இறங்கிவிடும் என்பாள் அம்மா. அப்படியானால் அவர்களே சாற்றைக் குடிக்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டு முதுகில் வாங்கினேன். முதல் சம்பளத்தில் முழுக் கோழிக்கால் ஒன்று வாங்கி, ஒருத்தருக்கும் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்றே தின்றேன். அன்றைக்குத்தான் நான் பெரிய மனுஷி ஆனேன்.

அப்படிப்பட்டவள் வைத்த கறியை ஒருவர் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினால்? என்னையே தள்ளுகிற மாதிரி இருக்காதா?

"பதினோரு வருஷமா ஏத்தி இறக்கினீங்களே, அப்ப எங்க போச்சு இந்த இரக்கம்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. நான் திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான்."

பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். அதுதான் என் பதில்.

மார்ச் 16, ஞாயிறு

வக்கீல் தீர்ப்பு சொல்லிவிட்டாள். அப்பா சாப்பிடாதது சரி, அம்மா சாப்பிடுவதும் சரி, அப்பாவின் துண்டு வழக்குச் செலவுக்காகத் தனக்கு. அவர் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் பல் தெரிந்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவர் பார்க்காதபோது.

மார்ச் 21, வெள்ளி

மேலாளர் அடுத்த குண்டைப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமைக் கறியும் கிடையாது. விலை கட்டுப்படியாகவில்லையாம். அதோடு ஆபீஸில் யாரோ, உயிர்களிடம் இரக்கம் காட்டின மாதிரியும் ஆகும் என்று சொன்னார்களாம். கம்பெனிக்கு இரக்கம் வருவதற்கும் கோழி விலை ஏறுவதற்கும் எவ்வளவு பொருத்தம்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு நகர்ந்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் பேக்கிங் அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். அட்டைப் பெட்டி ஒட்டி ஒட்டி விரலெல்லாம் தடித்துப்போனவள். வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"வீட்டுல வாங்கினா பிள்ளைங்களுக்கே பத்தாது. எனக்குன்னு ஒரு துண்டு கிடைக்கிறது இங்க மட்டும்தான். அதுவும் போச்சா?"

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே குத்தலாகத்தான் சொன்னேன்: சந்தோஷப்படுங்கள், உங்கள் கட்சிக்கு இருநூறு பேர் சேரப்போகிறார்கள் என்று.

அவர் சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"நிறுத்தக் கூடாது. அந்த அக்கா சாப்பிடணும்" என்றார். "என் வாயை நான் கட்டிக்கலாம். அவங்க வாயைக் கட்ட நான் யாரு?"

பிறகு அவராகவே, "கோழியும் பாவம்தான். ரெண்டுமே நிஜமா இருக்கே, அதான் குழப்பமா இருக்கு" என்றார்.

பதினைந்து வருஷமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இவ்வளவு யோசிப்பார் என்று தெரியாது.

மார்ச் 27, வியாழன்

கேண்டீனில் கடைசிக் கறி என்று எல்லோரும் மெதுவாகச் சாப்பிட்டார்கள். எலும்பைக்கூட யாரும் சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

மார்ச் 29, சனி

வேலையை விட்டுவிட்டார்.

வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டவும், மேலே ஈரச் சாக்குப் போடவும் நேரம் கேட்டிருக்கிறார். முதலாளி, கோழிக்கு ஏசி வண்டி பிடிக்கலாமா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். இவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார்.

திட்டப் போனேன். சட்டையெல்லாம் வியர்வை, முகம் மட்டும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. திட்டு வரவில்லை. மோர் கொடுத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலை இல்லாத மனிதருக்கு யோசனை அதிகம். இன்றைய யோசனை மட்டும் நல்ல யோசனை.

லாரி ஓட்டின பழக்கத்தில் சுற்று வட்டாரத்தில் எந்தப் பண்ணை எப்படி என்று அவருக்கு அத்துப்படி. ஆற்றைத் தாண்டி ஓர் அம்மா முட்டைக்காகக் கோழி வளர்க்கிறாராம். கூண்டு கிடையாது, பகலெல்லாம் தோட்டத்தில் மேயுமாம். இரண்டு மூன்று வருஷத்தில் முட்டை நின்றுவிட்டால் வாங்க ஆள் இல்லை. கறி முரடு என்று கடைக்காரர்கள் தொடவே மாட்டார்கள். அதனால் விலையும் பாதிக்கும் கீழே.

"வெயில் பாத்து, மண்ணு கிளறி வாழ்ந்த கோழி. அரை மணி நேரத்துல வந்து சேர்ந்துடும். நல்லா வேக வைக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்" என்று என்னைப் பார்த்தார்.

ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் உருகினேன்.

மேலாளரிடம் பேசினேன். இரண்டே இரண்டு வியாழக்கிழமை பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

தோல்வி. ரப்பர் செருப்பு. இருநூறு பேரும் மாடு அசை போடுவதுபோல மென்றார்கள். பல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வாசலில் போர்டு மாட்டச் சொன்னாள் பேக்கிங் அக்கா. மேலாளர் தன் துண்டைக் கைக்குட்டையில் மறைத்ததை நான் பார்த்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோழியின் மேல் தப்பில்லை. இளங்கோழிக்கு வைக்கிற தீயை வைத்தால் கிழட்டுக் கோழி கோபித்துக்கொள்ளும். அவசரம்தான் தப்பு.

ஏப்ரல் 10, வியாழன்

விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். பெரிய அண்டா, சின்னத் தீ, மூடிமேல் அம்மிக்குழவி. மூன்றரை மணி நேரம் திறந்தே பார்க்கவில்லை. உதவிக்கு இருப்பவள் தொடப் போனபோதெல்லாம் அவள் கையில் ஓர் அடி.

திறந்தபோது வாசனை பேக்கிங் ஹால் வரைக்கும் போய்விட்டது. மணி அடிக்கும் முன்னாலேயே வரிசை. கறி எலும்பை விட்டு நழுவியது; சாறு தேன் மாதிரி கெட்டியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் பிராய்லர் கோழியில் இந்தச் சுவை வந்ததே இல்லை. விலை குறைவு என்பதால் துண்டையும் பெரிதாகவே வெட்டினேன். மேலாளர் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் திரும்பிக்கொண்டார், கையில் இரண்டாவது கிண்ணத்தோடு.

பேக்கிங் அக்கா முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். இன்னும் வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

வீட்டில் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு வாய் ருசி பாருங்களேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கே தோன்றிவிட்டதே, அதுதான் ஆச்சரியம்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. மாவு மில்லில் லாரி. எங்கள் கம்பெனிக்கே மாவு கொண்டுவருவார். சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து நின்றார். வக்கீல் பேய் என்று ஓடினாள். புது வேலை எப்படி என்று கேட்டேன்.

"மூட்டை ஒண்ணும் தலையை நீட்டித் தண்ணி கேக்கல" என்றார். நிம்மதியாகச் சாப்பிட்டார், பருப்பும் முட்டையும். முட்டை சாப்பிடலாமா என்று வக்கீல் குறுக்கு விசாரணை செய்தாள். அந்தப் பண்ணை முட்டை மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மே 2, வெள்ளி

இப்போதெல்லாம் வீட்டில் இரண்டு பாத்திரம், இரண்டு கரண்டி. கரண்டியை மாற்றிப் போட்டால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

மே 8, வியாழன்

அண்டாவைச் சாய்க்கும்போது சாறு வலது கையில் கொட்டிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து நாள் கட்டு, வேலைக்கும் லீவு; சாப்பாட்டைக் கேண்டீனிலிருந்தே அனுப்புகிறார்கள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி.

மே 11, ஞாயிறு

நான் படுத்திருந்தேன். சமையல்கட்டில் சத்தம். வக்கீல்தான் ஏதோ உருட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் தோழி வீட்டுக்குப் போயிருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவர் ஒரு கிண்ணம் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கோழிக் கறி. ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கி வந்து, வெட்டி, கழுவி, மூன்று மணி நேரம் அடுப்படியிலேயே நின்றிருக்கிறார். விரலில் மஞ்சள் கறை. கரண்டியை என் இடது கையில் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி சுவரோரம் போய் நின்றார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றேன்.

"நேத்து கேண்டீன்லருந்து வந்த சோத்தை நீ பாதியில வெச்சுட்ட. அதான்."

சாப்பிட்டேன்.

"நான் வாயில வெச்சுப் பாக்கல. உப்பு சரியா இருக்கா?"

உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை.

"சரியா இருக்கு" என்றேன். இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன்.