சாந்தி அக்காவின் ரத்தமும் இரண்டாம் சுற்றும்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். சிவாஜிநகரில் பஸ் மாறுவதற்குள் பாதி நனைந்தாயிற்று. லேபில் முதல் வேலை வழக்கம்போல: குடுவைகளுக்குச் சாப்பாடு மாற்றுவது. மலேரியா ஒட்டுண்ணிக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. நேற்றும் போனேன். என் பீன்யா கம்பெனியிலேயே ஞாயிறு லீவு விடறான், உங்க கொசுவுக்கு விடலியா என்று அப்பா. கொசு இல்லை என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. அதனால் பழைய முறை. குடுவைகளைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மூடி, சுடர் அணையும்வரை நிற்பது. ஆக்சிஜன் குறைந்தால்தான் இவை வளரும். போன வாரம் அனிருத் வாங்கி வந்தது ரோஜா வாசனை மெழுகுவர்த்தி. எங்கள் சீனியர், டாக்டர் பட்டம் வாங்கியவர். தூக்கிப் போட்டுவிட்டு நானே வெள்ளை மெழுகுவர்த்தி வாங்கி வந்தேன்.

ஸ்லைடு. கன்ட்ரோல் (எதையும் மாற்றாதவை): நலம். நொதி குறைத்தவை: சுருங்கியிருக்கின்றன. சாயம் சரியாகப் பிடிக்கவில்லையோ? இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதேதான்.

மூன்றாவதும் போட்டேன். சந்தோஷத்தில்.

ஜூலை 9, செவ்வாய்

செத்துவிட்டன. நொதி குறைத்த மூன்று குடுவைகளிலும் கறுத்த புள்ளிகள் மட்டும். கன்ட்ரோல் கொழுகொழு.

எனக்காகவே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். இந்த ஒட்டுண்ணி தன் ஆர்.என்.ஏ.வில் அடினின் எழுத்துகளின் மேல் சின்னக் குறி போடுகிறது. குறி விழுந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழியும், அல்லது படிக்கப்படாமல் கிடக்கும். எந்த மரபணு எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதற்கு அது ஒரு கடிவாளம். குறி போடும் நொதியை நான் குறைத்தேன். முதல் 48 மணி நேரச் சுற்று (சிவப்பணுவுக்குள் வளர்ந்து, அதை உடைத்து, புதியதற்குள் நுழைவது) ஒழுங்காக ஓடியது. இரண்டாம் சுற்றில் எல்லாம் காலி. அப்படியானால் அந்த நொதி இல்லாமல் இது பிழைக்காது. நாளைக்கு ஒரு மருந்து அதைக் குறி வைக்கலாம்.

அனிருத் முதுகில் தட்டினார். வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங்கில் நானே பேச வேண்டுமாம். மேடமும் (இந்த லேபின் தலைவர்) எட்டிப் பார்த்துச் சிரித்தார். 31-ஆம் தேதியோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பதும் பிஎச்.டி. இடத்துக்குச் சிபாரிசு செய்வதும் அவர் கையில்.

அப்பாவிடம் சொன்னேன். செத்ததுக்கா இவ்ளோ சந்தோஷம் என்றார். கோழி வாங்கி வந்தார்.

ஜூலை 10, புதன்

ஜீவனஹள்ளி ஸ்டாப்பில் சாந்தி அக்கா. லேபில் எங்கள் மாடியைக் கூட்டித் துடைப்பவர். வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. பஸ்ஸில் ஒரு ஸீட் கிடைத்தது, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். போன வியாழன் லேபுக்கு ரத்தம் கொடுத்தது அவர்தான். ஓ பாசிட்டிவ். ஒட்டுண்ணிக்கு மனித ரத்தம்தான் சாப்பாடு. சிவப்பணு, சீரம் இரண்டையும் ஒரே ஆளிடமிருந்து எடுப்போம்.

ரத்தம் கொடுத்த பிறகு தலை சுற்றியதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. பல்லுதான். வீங்கிப் போய் ஒரு வாரம் கஞ்சிதான் குடிச்சேன். அந்த டாக்டர் குடுத்த மாத்திரை வேற, வயித்த கலக்கிடுச்சு."

எப்போதிலிருந்து மாத்திரை என்றேன். ரத்தம் கொடுத்த அன்றைக்குக் காலையிலும் ஒன்று போட்டுக்கொண்டுதான் வந்தாராம். பையில் அட்டை இருந்தது. காட்டினார். கிளிண்டாமைசின், ஆன்டிபயாடிக்.

அட்டையை வாங்கி இன்னொரு முறை படித்தேன்.

இந்த ஒட்டுண்ணிக்குள் ஒரு காலத்து பாக்டீரியாவின் மிச்சமாக ஒரு சின்ன உறுப்பு உண்டு. கிளிண்டாமைசின் அதைத்தான் அடிக்கும். ஆனால் உடனே கொல்லாது. முதல் சுற்று ஒழுங்காக ஓடும். சாவது இரண்டாம் சுற்றில். கோர்ஸில் படித்தது, பரீட்சையில் எழுதியது.

லேபுக்கு ஓடினேன். நோட்டில் என் கையெழுத்தே: பழைய ரத்தம் கன்ட்ரோலுக்கு மட்டும் போதும், மீதி மூன்றுக்கும் புதுசு. புதுசு என்றால் சாந்தி அக்காவுடையது.

பிறகு, ரத்தம் கொடுப்பவர்களுக்கான படிவத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது: கடந்த இரண்டு வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா? எதிரே 'இல்லை' என்று டிக். பன்னிரண்டுக்கும் வரிசையாக டிக், ஒரே பேனா, ஒரே சாய்வு. போட்டது நான். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஸ்டூடன்ட் கொடுத்தால் தானே படித்து நிரப்புவான். ஹவுஸ்கீப்பிங் ஆள் என்றால் நாம் நிரப்பி, கீழே கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவோம்.

இந்த லேபில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒரு நிமிடம் வாய் திறந்து படித்திருக்கலாம்.

தாத்தா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் எத்தனை ஆங்கிலக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாரோ. அந்தக் கதையை லேபில் எல்லாரிடமும் கோபமாகச் சொல்லியிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

வெயில். எரிச்சலான வெயில்.

அனிருத்திடம் சொன்னேன். அவர் சொன்னது மூன்று. ஒன்று, அந்த ஆளுங்க ரத்தமே வீக்காக இருக்கும், இனி எடுக்க வேண்டாம். இரண்டு, நாளைக்கு இருப்பதைக் காட்டு, பிறகு ரிப்பீட் பண்ணிக்கொள்ளலாம். மூன்று, கான்ட்ராக்ட் முடியப் போகிற நேரத்தில் உனக்கு எதற்கு இது.

மூன்றாவதுதான் உண்மையில் உறைத்தது. முதலாவதுக்குப் பதில் சொன்னேன். வீக்காக இருந்தது ரத்தம் இல்லை, நம் படிவம் என்றேன். முகம் சிவந்து போய்விட்டார்.

மதியம்: நல்ல கன்ட்ரோல் ஒட்டுண்ணியை எடுத்து, சாந்தி அக்காவின் மிச்ச சீரத்தில் போட்டேன். இதில் நொதி குறைக்கவில்லை. இதுவும் இரண்டாம் சுற்றில் செத்தால் சந்தேகமே இல்லை. திங்கள்வரை தெரியாது. மீட்டிங் நாளைக்கு.

பேசாமல் இருந்தால்? ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. அதற்குள் பிஎச்.டி. இடம்.

எழுதிப் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

சொன்னேன். முதல் ஸ்லைடிலேயே. இந்த முடிவு பொய்யாக இருக்கலாம், காரணம் நான் என்று.

படிவத்தை நிரப்பியது யார் என்று மேடம் கேட்டார். நான்தான் என்றேன். இந்த லேபில் எத்தனை படிவம் இப்படி நிரப்பியிருக்கிறோம் என்று அடுத்த கேள்வி, எல்லாரையும் பார்த்து. அனிருத் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்ட் பற்றிப் பேச்சே இல்லை. ரிப்பீட் செய் என்றார், அவ்வளவுதான்.

நானும் ஓ பாசிட்டிவ்தான். ஹெல்த் சென்டர் சிஸ்டர் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். இந்த லேபுக்கு வந்த ஒரு வருடத்தில் ஒரு முறைகூட நான் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு கேள்வியையும் படித்து நிரப்பினேன். வலது கை இன்னும் வலிக்கிறது. எல்லாக் குடுவைக்கும் என் ரத்தம். கன்ட்ரோலுக்கும்தான்.

ஜூலை 15, திங்கள்

சாந்தி அக்காவின் சீரத்தில் போட்ட கன்ட்ரோல்: செத்துவிட்டது. இரண்டாம் சுற்றில், அப்படியே.

ஆக, போன செவ்வாய் கோழி வாங்கியது கிளிண்டாமைசினுக்காக. அப்பாவிடம் சொன்னேன். கோழி கோழிதானே என்றார்.

என் ரத்தத்தில் நொதி குறைத்தவை: இரண்டாம் சுற்றில் நுழைந்திருக்கின்றன. இப்போதைக்கு உயிர் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்க்யுபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாகவில்லை! ஆனால் தாமதம். கன்ட்ரோல் உடைந்து புதுச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்துவிட்டது. நொதி குறைத்தவை ஆறு மணி நேரம் பின்தங்கி. மூன்று குடுவையிலும் அதே ஆறு.

எடுத்து வைத்திருந்த ஆர்.என்.ஏ.வையும் பார்த்தேன். குறிகள் குறைந்திருக்கின்றன. ஒட்டுண்ணியின் இந்த வயதில் அழிந்திருக்க வேண்டிய இரண்டு ஆர்.என்.ஏ. இன்னும் அழியாமல் நிற்கின்றன. வாயை மூட வேண்டிய நேரத்தில் பேசிக்கொண்டே இருக்கின்றன. (என்னை மாதிரி.)

மேடம் அரை மணி நேரம் பார்த்தார். செத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், தாமதம் என்றால்தான் ஏன் என்று கேட்க முடியும் என்றார். போகிற போக்கில், மூன்று மாதம் நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டாயிற்று, ஆபீஸில் வாங்கிக்கொள் என்றார். பிஎச்.டி. பற்றி ஒன்றும் இல்லை. மூன்று மாதம் போதும். போதாது. ஆனால் போதும்.

ஜூலை 19, வெள்ளி

செய்ய வேண்டியவை:
- ஜாடிக்கு மெழுகுவர்த்தி (வாசனை இல்லாதது!!)
- 40-ஆவது மணி ஆர்.என்.ஏ.
- படிவம்: தமிழ் ஆயிற்று. கன்னடத்தை அனிருத் எழுதித் தந்தார், கேட்காமலே. நன்றி சொன்னேன். கஷ்டப்பட்டுத்தான்.

மத்தியானம் சாந்தி அக்கா டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம், இப்போதைய தாமதம் வரை, சொன்னேன். டிக் போட்டது நான் என்பதையும்.

"அதான் போன வாரம் பூரா மூஞ்ச தூக்கி வெச்சினு சுத்துனியா? நான் உங்க வீட்ல ஏதோ சண்டைன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி படி, என்னதான் கேக்குறாங்க பாப்போம் என்றார். புதுப் படிவத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி: யாரும் வற்புறுத்தாமல், உங்கள் விருப்பத்தோடு ரத்தம் கொடுக்கிறீர்களா?

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது முன்னாடியே இருந்துச்சா?"

இருந்தது, இங்கிலீஷில் என்றேன்.

"அப்ப எழுதிக்கோ. பேடா, வேணாம். எனக்கு ஊசின்னாலே பயம். நாலு தடவ குடுத்தேன், ஒருத்தரும் கேக்கல."

'இல்லை' என்ற கட்டத்தில் அவரையே டிக் போடச் சொன்னேன். அழுத்திப் போட்டார், காகிதம் கிழிகிற மாதிரி.

அப்புறம் அந்தப் பூச்சியைக் காட்டு என்றார். மைக்ரோஸ்கோப்பில் நேற்றைய ஸ்லைடை வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மோதிரம் மாதிரி இருக்கு, என் ரத்தமா இது என்று கேட்டார்.

"இல்லக்கா. என்னோடது."

"அதான பாத்தேன்," என்று எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "லேட்டா வளருது."