மேசைமேல் ஏறிய வியாசபீடம்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை கண்டோன்மெண்டில் ஒரு மண்டபத்துக்குப் பேசப் போயிருந்தேன். பேச்சாளர் தாள் வைத்துப் பேசும் போடியம் புத்தம் புதிது, வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் போடியமே என் உயரத்துக்கு இறங்கி வருகிறது! கூட்டம் சேருவதற்குள் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன். நீயாக இருந்தால் பத்துத் தடவை அழுத்தியிருப்பாய்.

பல வருஷத்துக்கு முந்தைய நம் அலுவலகப் பெண்கள் கூட்டம் நினைவுக்கு வந்தது. கைக்குழந்தைகளை விட்டுவைக்க ஓர் அறை வேண்டும் என்று மேலதிகாரி முன்னால் நான் கேட்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் மாலை மேடையில் போடியத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நீ சிரிக்காமல் சொன்னாய்: "உன் வகிடு மட்டும்தான்டி தெரியறது."

பேசவே மாட்டேன் என்று சொல்லி வீட்டுக்கு எடமலைப்பட்டி புதூர் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டுத்துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாய். உன் அப்பா பாராயணத்துக்கு வைத்திருந்த வியாசபீடம். கத்தரிபோல் விரியும் இரண்டு பலகைகள், நடுவில் புத்தகம் உட்காரும்.

"இது தரையில உக்காந்து படிக்கிறதாச்சே?" என்றேன்.

"தர்காவிலயும் இதே மாதிரி மடக்குப் பலகைதான். சர்ச்சுல நின்னுண்டு வாசிக்கறா, அதனால உசரமா பண்ணியிருக்கா. எல்லாம் வாசிக்கறவா சௌகரியத்துக்குத்தான். உனக்கு மேஜை மேல வெச்சுக்கலாம்."

போடியத்தை ஓரமாகத் தள்ளினோம். மேஜைமேல் பீடத்தை விரித்து, தாள்களை அதில் வைத்துப் பேசினேன். எல்லார் முகமும் எனக்குத் தெரிந்தது. ஆறு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரும் நம் டைப்பிஸ்டைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மேலதிகாரி எழுந்தார். "கீழே இருக்கிற ரெக்கார்டு ரூமை ஒழிச்சுத் தரச் சொல்றேம்மா."

முதல் கைதட்டல் உன்னுடையது.

அன்று இரவு வீட்டில் உன் அப்பா பீடத்தை விரித்தபோது என் கடைசித் தாள் அதில் சிக்கியிருந்ததாம். அதை உன் அம்மாவுக்கு உரக்கவே வாசித்துக் காட்டினாராம். மறுநாள் அவர் குரலிலேயே நீ நடித்துக் காட்டினாய்: "கேக்காம எடுத்துண்டு போனது தப்பு. பேச்சு நன்னா இருக்கு. அடுத்த கூட்டத்துக்குச் சொல்லு, நானும் வரேன்."

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. மேடை ஏற எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் யாராவது "நீங்க கொஞ்சம் பேசணுங்க" என்று ஆரம்பித்தால், எங்கே, எதற்கு என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுகிறேன்.