அரைவீசைக் கல்

நேற்றுப் பழனியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருந்தது, ஆத்தா. புது மொட்டை. சந்தனம் ஈரம் காயாமல் மணத்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தத் தலை என் மூக்குக்கு நேரே சாய்ந்து சாய்ந்து வந்தது. மொட்டையைக் கண்டால் ஊருக்கெல்லாம் முருகன் நினைவு வரும். எனக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. உன்னால் வந்த வினை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் நான் நின்ற பிறகு அந்தப் பள்ளிக்கூடம் களையிழந்து போனதாக வாத்தியாரே வருத்தப்பட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ உயிரோடு இருந்தபோது பொறுத்தவள் இல்லை என்பது வேறு விஷயம்.

அம்மாச்சி செத்த நாளில் தொடங்குகிறேன். உன் அப்பன், எனக்குத் தாத்தன், உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர்தான். கூடையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மாச்சி தாலியைக் கழற்றவில்லை. முப்பது வருஷமாக முகத்துக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துக்கொண்டே இருந்தாள். பூவோடும் மஞ்சளோடும் சுமங்கலியாகப் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

உன் பெரியப்பன் மகன், எனக்கு மாமன் முறை, பிணத்தருகே வந்து நின்றார். "முப்பது வருசமா வராதவன் உசுரோடயா இருப்பான்? செத்தவன் பொண்டாட்டியப் பூ வச்சுத் தூக்குனா வம்சத்துக்கே ஆகாது. தாலிய எடுங்க" என்றார்.

"எங்கப்பன் செத்தத நீ பாத்தியா? பாத்திருந்தாக் காட்டு பொணத்த" என்றாய் நீ.

அவர் காட்டவில்லை. குனிந்து அம்மாச்சி கழுத்தில் கையை விட்டு இழுத்தார். கயிறு பழையது, ஆனால் உடனே அறுபடவில்லை. செத்தவளின் தலை கயிற்றோடு மேலே வந்து, அறுந்ததும் மடாரென்று பலகையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. நீ பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாய். அவர் உன்னை வயிற்றில் உதைத்தார். பாடைக்கு வெட்டி வைத்திருந்த பச்சை மூங்கிலை நான் எடுத்தேன். ஒரே வீச்சில் நாலு பேரைச் சாய்த்தேன். ஒருத்தர்தான் விழுந்தார், அதுவும் சாணியில் வழுக்கி விழுந்தார் என்று தங்கச்சி சொல்லித் திரிவாள். உள்ளே அழுதுகொண்டிருந்தவளுக்கு வெளியே நடந்தது எப்படித் தெரியும்?

கடைசியில் பூ இல்லாமல், மஞ்சள் இல்லாமல்தான் தூக்கினார்கள். நம் வீட்டில் சுமங்கலியாகப் போனவர்களுக்கு வருஷா வருஷம் சேலை வைத்துப் படைக்கிறோமே, அதில் அம்மாச்சிக்கு இனி இடமில்லை என்றாகிவிட்டது. நீ வாயோரத்து ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாய்: "அந்தாள உசுரோட இந்த ஊருக்கு இழுத்தாருவேன். எங்காத்தா பூவோட போக வேண்டியவன்னு எல்லாப் பயலுக்கும் காட்டுவேன். காட்டி முடிச்சதும் நானே வெட்டிப் போடுவேன்."

வைகாசியில் லாரிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேல்மலைப் பூண்டு விற்கிற ஆள் ஒருத்தன் அப்படியே உன் சாடை, அந்தக் கோணல் மூக்கு உட்பட, என்று. மறு சனிக்கிழமையே கொய்யாக் கூடைகளோடு வத்தலக்குண்டு சுற்றி லாரியில் மலையேறினோம். வழியில் ஒரு வளைவில் வண்டி பின்னால் சரிந்தபோது நான்தான் தோள் கொடுத்து நிறுத்தினேன். டிரைவர் பிரேக் போட்டதும் கொஞ்சம் உதவியாக இருந்தது.

சந்தையில் தராசைத் தூக்கிப் பிடித்து யாருக்கோ காய் நிறுத்துக்கொண்டிருந்தாய். எதிர் வரிசையில் பூண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் அவன் நிமிர்ந்தான். அதே மூக்கு. தலை மொட்டை.

"பொண்டாட்டி பிள்ளைய நடுத்தெருவுல விட்டவனுக்கு முருகன் கேக்குதோ? மொட்ட வேறயா ஒனக்கு?" என்று நீ கத்தியதும், தராசுத் தட்டிலிருந்த அரைவீசை இரும்புக் கல் பறந்ததும் ஒன்றாக நடந்தன. மொட்டைத் தலையில் இரும்பு விழும் சத்தம் தேங்காய் உடைகிற மாதிரிதான் இருந்தது. நீ அதோடு விட்டாயா? கூடைகளைத் தாண்டி ஓடி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாய். பூண்டுக்காரர்கள் தடியோடு வந்தார்கள். பன்னிரண்டு பேர். நான் ஒற்றை ஆளாக நின்று வாங்கினேன். கொடுத்ததும் உண்டு.

"சொல்லுலே, எங்காத்தா பேரு என்ன? சொல்லு!"

"கிறுக்கச்சி! ஒங்காத்தா பேரு எனக்கென்னடி தெரியும்?"

அப்போதுதான் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். "ஆத்தா, விடு! இந்தாளுக்கு என்னைய விட அஞ்சாறு வயசுதான் கூட இருக்கும்!" என்று உன் தோளைப் பிடித்து இழுத்தேன்.

உன் தப்பு இல்லை. எட்டு வயதில் கண்ட முகத்தைத்தானே தேடிக்கொண்டிருந்தாய்? அந்த முகத்துக்கு வயதாகியிருக்கும் என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மொட்டை என்றால் வேண்டுதல் என்பதைத் தவிர பழனிப் பக்கத்து ஆளுக்கு வேறு எதுவும் தோன்றாது.

அவன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தான். "இது எங்கப்பனுக்குப் போட்ட மொட்டை" என்றான்.

தடியோடு வந்தவர்கள் கையை இறக்கினார்கள். நீ அவன் அப்பன் பேரைக் கேட்டாய். அவன் சொன்னது உன் அப்பன் பேர்.

"எந்த ஊருன்னு கேட்டா ஆயக்குடிம்பாரு. அதுக்கு மேல கேட்டா அடிதான் விழும். விறகுக் கட்டையால எங்காத்தா கையவே ஒடிச்ச மனுசன்" என்றான்.

"எப்பச் செத்தான்?"

அவன் உன் முகத்தையே பார்த்தான். "ஒங்காத்தா எப்பப் போனாங்க?" என்று கேட்டான்.

"பங்குனியில. புருசன் இருக்கையில போனவ. தாலியப் பிச்சு எறிஞ்சு, மொட்டக் கழுத்தோட தூக்கிட்டுப் போனானுக."

"எங்கப்பன் சித்திரையில போனாரு" என்றான்.

அம்மாச்சி போன மாசத்தைக் கேட்டுவிட்டுத்தான் தன் அப்பன் போன மாசத்தைச் சொன்னான், ஆத்தா. கூடையில் ஒரு காய் குறைந்தால் தூக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நீ. இதையா விட்டிருப்பாய்? ஆனால் நீ மறுபடி கேட்கவில்லை. "ஏலே, ஆசுபத்திரிக்கு வெரசாத் தூக்குடா" என்று என் முதுகில் ஒரு அறை அறைந்தாய்.

தையல் போட்ட தலையோடு அவன் நம்முடனே லாரியில் வந்தான். நீ முன்னால் டிரைவர் பக்கத்தில். நானும் அவனும் பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவில். செண்பகனூர் தாண்டியதும் கேட்டேன், மண்டையைப் பிளந்தவள் கூப்பிட்டதும் எப்படி வருகிறாய் என்று. "எங்காத்தா தாலியறுத்து, ஒடிஞ்ச கையோட மூலையில கெடக்கு. அந்தாளு கட்டுனவள்ல ஒருத்திக்காவது பூ கெடைக்கட்டுமே" என்றான். நான் வாயே திறக்கவில்லை. என் ஆயுசில் அது ஒரு அதிசயம்.

ஆயக்குடியில் பங்காளிகள் எல்லாரும் நம் வாசலில் கூடினார்கள். அப்பன் செத்தது சித்திரையில் என்று அவன் சொன்னதை மாமன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பூண்டு விக்கிற பய சொன்னா ஆச்சா? சூடத்த அடிச்சுச் சொல்லச் சொல்லு, நம்புறேன்."

தாம்பாளத்தில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, செத்தது சித்திரையில்தான் என்று அவன் சொல்லிவிட்டால் நீ ஜெயித்தாய். உனக்கு வேண்டியதெல்லாம் சும்மா நிற்பதுதான். அவன் கையை ஓங்கினான். நெற்றித் தையலில் வேர்வை இறங்கியது. பொய்ச் சத்தியம் பிள்ளைகுட்டி தலையில் விடியும் என்று நம்புகிற மலைக்காட்டு மனுசன். ஆனாலும் கையை இறக்கவில்லை.

நீ தாம்பாளத்தை எட்டி உதைத்தாய். எரிகிற சூடம் மாமன் வேட்டியில் போய் ஒட்டியது.

"எந்தம்பி சொல்லுக்கு எதுக்குலே சூடம்? கேக்குறதுக்கு எவன்டா இருக்கான் இங்க?"

தம்பி. அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் சொன்னாய். வேட்டியைத் தட்டி அணைத்துக்கொண்டிருந்த மாமன் கன்னத்தில் விழுந்த உன் அறையில் அவர் கடைவாய்ப் பல் ஒன்று தெறித்தது. பிறகு ஊரே உருண்டது. நான் இடப் பக்கம், அவன் வலப் பக்கம். அவன் தையல் பிரிந்து மறுபடி ரத்தம் கொட்டியது, அவன் கவனிக்கவே இல்லை. அந்த வருஷப் படையலில் அம்மாச்சிக்கு மஞ்சள் கரைத்துத் தோய்த்த சேலை வைத்தாய், பூ வைத்தாய். ஒரு பயலும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது தங்கச்சியின் பேரப்பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். சொல்லச் சொல்ல எதிராளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள், நான் என்ன செய்ய. "சத்தியமா?" என்று ஏதாவது ஒரு வாண்டு கையை நீட்டும். அப்போது மட்டும் என் நாக்கு நின்றுவிடுகிறது, ஆத்தா. உதைக்க ஒரு கால் வருமா என்று வாசலைப் பார்க்கிறேன்.