இருபத்து மூன்றாம் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
03.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

காளீஸ்வரி எழுதுறேன். நானும் அம்மாவும் சுகம். உங்க சுகத்துக்கு எழுதுங்க.

பக்கத்து ஊர்ல இருக்கிற புருஷனுக்குத் தபால்ல கடிதம் போடுறவ இந்த ஜில்லாவுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பஸ்ஸுல அரை மணி நேரம், தபால்ல ரெண்டு நாள். என்ன செய்ய? போன்ல பேசினா 'ம்' போடுவீங்க. வாட்ஸப்புல கட்டை விரலைக் காட்டுவீங்க. காகிதத்துல 'ம்' போட்டு அனுப்ப முடியாது பாருங்க. அதனாலதான் சித்தப்பா நம்ம ரெண்டு பேரையும் வச்சுப் பேசினப்போ, அடுத்த தை வரைக்கும் நான் அம்மா வீட்டுலயே இருக்கேன், பேசுறதெல்லாம் கடிதத்துலன்னு சொன்னேன்.

எனக்கு உங்ககிட்ட வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஜனவரி ஒம்பதாம் தேதி சாயங்காலம், நம்ம வீட்டுல, உங்க நாற்காலிக்கு எதுத்தாப்புல நின்னு, "அப்பாவுக்கு மூச்சு இழுக்குதாம், வண்டிய எடுங்க"ன்னு சொன்னேன். நீங்க அந்தப் புத்தகம் படிக்கிற ரீடரைப் பாத்துக்கிட்டே "ம்"ன்னீங்க. சட்டை மாத்திட்டு வருவீங்கன்னு பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல கால் மணி நேரம் நின்னேன். பொறவு நானே பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரையில அப்பா போய் பத்து நிமிஷம் ஆகியிருந்துச்சு.

அதைக்கூட நான் பொறுத்துக்கிடுவேன். மறுநாள் மாலையோட வந்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலயும் "அவ என்கிட்ட சொல்லாமலே கிளம்பிட்டா"ன்னு சொன்னீங்களே, அதைத்தான் பொறுக்க முடியல. உங்க அம்மாவுலருந்து என் சித்தி வரைக்கும் என்னைத்தான் ஒரு மாதிரியா பாக்காக. நான் சொன்னேன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். அம்புட்டுதான்.

அப்பா தீபாவளிக்கு வந்தப்போ மூக்குக்கண்ணாடியை அங்கேயே மறந்து வச்சுட்டாக. எங்க இருக்குன்னு பாருங்க, அப்பா போட்டோகிட்ட வைக்கணும்னு அம்மா சொல்லுதா. உங்க தோள்பட்டை வலி எப்படி இருக்கு?

நானும் என் ரீடர்ல படிக்கிறேன். ரெண்டு ரீடருக்கும் ஒரே கணக்கைப் போட்டு வச்சிருக்கீங்க. நீங்க எடுக்கிற புத்தகத்தை நானும் தொறந்தா, "இன்னொரு கருவியில் 140ஆம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகவா?"ன்னு கேக்குது. நான் பத்தாம் பக்கத்துல இருக்கேன். வேண்டாம்னு அழுத்துறேன்.

இப்படிக்கு,
காளீஸ்வரி


இராஜபாளையம்,
14.02.2025

அன்பு மனைவி காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இங்கு நான் நலம்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இந்த ஆண்டு ஐம்பத்திரண்டு புத்தகங்கள் படிப்பது என்று வாசகர் வட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். வாரத்துக்கு ஒன்று. வேலுசாமி அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடித்தால் டிசம்பர் கூட்டத்தில் பொன்னாடை உண்டாம். இன்று வரை ஏழு முடித்திருக்கிறேன்.

காகிதப் புத்தகமாக இருந்த காலத்தில் ஆண்டுக்கு நாலைத் தாண்டியதில்லை. இப்போது மில்லில் டீ இடைவேளையில் பத்துப் பக்கம், சிக்னலில் வண்டி நின்றால் ரெண்டு பக்கம், சாப்பிடும்போது ஒரு கையில் சோறு, ஒரு கையில் ரீடர். கையடக்கத்தில் ஒரு நூலகமே இருக்கிறது. நீயும் ஒரு இலக்கு வைத்துக்கொள். மனசுக்கு ஆறுதலாக இருக்கும். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
21.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நான் எழுதினதுக்கு வந்த பதிலா, இல்ல வேற யாருக்கோ எழுதி என் பேர்ல உறையைப் போட்டுட்டீங்களான்னு. அப்பா செத்ததைப் பத்தி எழுதினா "மிக்க மகிழ்ச்சி"ன்னு பதில் வருது. ரெண்டு மாசம் பேனாவைத் தொடவே எனக்கு மனசு வரல.

நான் எழுதினது நாலு விஷயம். சொன்னேனா இல்லையா, கண்ணாடி, தோள்பட்டை, ரீடர். ஒன்னுக்காவது பதில் இருக்கா? இப்ப அஞ்சாவதா ஒன்னு கேக்கேன். கொடியில போட்ட என் ஊதாச் சேலை இன்னும் வெயில்லயேதான் கிடக்கா? சாயம் போயிருக்கும்.

நானும் படிக்கிறவதான். லேப்ல ரத்தம் எடுத்து மிஷின்ல வச்சுட்டு ரிசல்ட்டு வார வரைக்கும் படிப்பேன். மூணு மாசத்துல ரெண்டு புத்தகம் முடிச்சிருக்கேன். ரெண்டுல வந்த ஆளுங்களும் என் கூடவே லேப்புக்கும் கடைக்கும் வாராக. எனக்கு இலக்கெல்லாம் வேண்டாம்.

ஒரே ஒரு வார்த்தைதான் கேக்கேன். எழுதுங்க.

காளீஸ்வரி


இராஜபாளையம்,
05.05.2025

அன்புள்ள காளி,

பழசையே கிளறிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? நீ சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. சொல்லியிருந்தால் நான் வண்டியை எடுத்திருக்க மாட்டேனா? மாமா மேல் எனக்குப் பாசம் இல்லையா? அந்தப் பதற்றத்தில் சொன்னதாக நீயே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஏட்டி, எம்புட்டு நாளைக்கு இதையே பிடிச்சுத் தொங்குவே?

பத்தொன்பது முடிந்தது. இருபதாவது ஒரு சரித்திர நாவல், அறுநூறு பக்கம்.

உன்,
சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.08.2025

அத்தானுக்கு,

நேத்து ஞாயித்துக்கிழமை நடந்ததை எழுதுறேன். ஒழுங்காப் படிங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் புது நாவலைப் படிச்சுக்கிட்டிருந்தேன். அறுபத்தோராம் பக்கம். அதுல ஒரு பொம்பளை, புருஷன் திரும்பி வருவானான்னு ரயிலடியில நிக்கா. அம்மா காப்பி போட்டுக் கூப்பிட்டா. மூடி வச்சுட்டுப் போனேன். வந்து தொறந்தா, "118ஆம் பக்கம் போகவா?"ன்னு கேக்குது. சரி, அத்தானும் இதைத்தான் படிக்காருன்னு ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன். இன்னும் ரெண்டு மடக்கு குடிச்சேன். "240க்குப் போகவா?" தம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்தேன். "312க்குப் போகவா?" அதுதான் கடைசிப் பக்கம்.

ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல முந்நூத்திப் பன்னிரண்டு பக்கம். பொறவு பழைய புத்தகம் ஒவ்வொன்னா தொறந்து பாத்தேன். எல்லாத்துலயும் நீங்க கடைசிப் பக்கத்துல நிக்கீங்க. ஒரு வரியிலயாவது கோடு இழுத்திருக்கணுமே, ஒன்னுல கூட இல்ல. நீங்க படிக்கல அத்தான். எண்ணிக்கை ஏறுறதுக்காக விரலால தள்ளிக்கிட்டே போறீங்க. அந்தப் பொம்பளை ரயிலடியில நின்னாளே, அவன் வந்தானா? சொல்லுங்க பாப்போம்.

என் கடிதத்தையும் இப்படித்தானே தள்ளுறீங்க? அன்னிக்கு நான் நின்னு பேசினதையும் இப்படித்தானே தள்ளிவிட்டீங்க?

இனிமே என்னால எழுத முடியாது. கை ஓஞ்சு போச்சு. வக்கீல் செல்வலட்சுமி அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பிரிஞ்சு போறதுக்கு மனு எழுதச் சொல்லியிருக்கேன். மறைக்கல, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யுறேன். பொறவு சொல்லலைன்னு சொல்லாதீங்க.

காளீஸ்வரி


இராஜபாளையம்,
30.08.2025

காளீஸ்வரிக்கு,

கட்டின புருஷன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று வேவு பார்ப்பதுதான் உன் வாசிப்பா? எனக்கு வேகமாகப் படிக்க வரும். உனக்கு இடைஞ்சலாக இருந்தால் தனிக் கணக்குத் தொடங்கிக்கொள். வக்கீலைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

சிவபாண்டி


இராஜபாளையம்,
08.12.2025

காளி,

போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ரீடரைத் தொறந்தா புதுசா ஒன்னு வந்து கிடந்துச்சு. அட்டைப்படம் இல்ல, பேர் இருக்கிற இடத்துல ஏதோ நம்பர். நாப்பத்தெட்டு ஆகியிருந்துச்சு, இதையும் சேத்தா நாப்பத்தொம்பதுன்னு தள்ளுறதுக்கு விரலை வச்சேன். முதல் வரியில உன் பேர் இருந்துச்சு. அடுத்த வரியில என் பேர்.

நீ எனக்கு அனுப்பலைன்னு தெரியும். வக்கீலம்மா உன் போனுக்கு அனுப்பின மனுவை எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கலாம்னு உன் ரீடருக்கு ஏத்தியிருப்பே. ரெண்டுக்கும் ஒரே கணக்குங்கிறது அப்ப நினைப்புல இருந்திருக்காது. படிக்காம விட்டிருக்கணும். படிச்சிட்டேன். இருபத்திமூணு பக்கம் படிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு.

ஒம்பதாம் பக்கத்துல என் 'ம்' இருக்கு. வக்கீலம்மா அதைத் தனியா மேற்கோள் போட்டு எழுதியிருக்காக. அதைப் பாத்ததும் அந்தச் சாயங்காலம் அப்படியே நினைப்புக்கு வந்துச்சு. உன் கையில பச்சைப் பை. வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு நின்னே. இவ என்னத்துக்குச் செருப்போட நிக்கான்னு ஓரக்கண்ணால பாத்தேன், அதையும் கேக்கல. நீ சொன்னே. காதுல விழுந்துதான் 'ம்' போட்டேன். மறுநாள் "மருமகன் ஏன் நேத்தே வரல"ன்னு ஆளாளுக்குக் கேட்டாக. வெக்கத்துல வாயில வந்த பொய்யைச் சொன்னேன். பொறவு அதை நானே நம்பிட்டேன்.

உன் கடிதங்களை எடுத்து வச்சு முதல்லருந்து படிச்சேன். மாமாவோட கண்ணாடி என் ரீடர் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கு, துடைச்சு வச்சிருக்கேன். தோள் வலி இடது பக்கம் இன்னும் இருக்கு, ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல. சேலை சாயம் போயிருச்சு, மே மாசம் வரைக்கும் கொடியிலயேதான் கிடந்துச்சு, என்னை மன்னிச்சிரு. ரயிலடியில நின்ன பொம்பளையோட புருஷன் வரல. அந்த இடத்தை மட்டும் இப்பத்தான் தேடிப் படிச்சேன்.

பன்னிரண்டாம் பக்கத்துல நான் கை ஓங்கினேன்னு இருக்கு. அது மட்டும் நடக்கல காளி. மத்ததெல்லாம் நடந்தது.

நேத்து வட்டத்துல வேலுசாமி அண்ணாச்சி, பொன்னாடைக்குச் சொல்லிரலாமா, எத்தனை முடிஞ்சிருக்குன்னார். ஒன்னுன்னேன். என்ன புத்தகம்னு கேட்டார். வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வார ஞாயித்துக்கிழமை காலையில கண்ணாடியை எடுத்துக்கிட்டு வாரேன். அத்தையும் சித்தப்பாவும் இருக்கும்போது, நீ சொன்னதைச் சொல்லுதேன்.

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.12.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைச்சுது. மனுவைத் தொறந்தப்போ 23ஆம் பக்கத்துல நீங்க நிக்கிறதாக் காட்டுச்சு. இதையும் தள்ளிட்டீங்கன்னுதான் நெனச்சேன். தெரியாம அனுப்பிட்டோமேன்னு ஒரு பக்கம் கூச்சம், அதைக்கூடப் படிக்கலையேன்னு ஒரு பக்கம் ஆத்திரம்.

ஒரு வருஷமா நான் கைப்பட எழுதினதை நீங்க படிக்கல. வக்கீலம்மா டைப் அடிச்சதும் படிச்சிட்டீங்க. இதுக்குச் சந்தோஷப்படவா, தலையில அடிச்சுக்கிடவா? உங்க கடிதத்தை வாசிச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். அம்மா "என்னட்டி?"ன்னா. "அவுக எழுதியிருக்காக"ன்னேன்.

பன்னிரண்டாம் பக்கத்தை அடிச்சுரச் சொல்லிட்டேன். மனு கொஞ்சம் கனமா இருக்கட்டும்னு வக்கீலம்மா சேத்தாகளாம். எல்லாம் சரியான்னு கேட்டப்போ நானும் முழுசாப் படிக்காம சரின்னுதான் சொல்லியிருக்கேன். உங்களைக் குத்தம் சொல்ல வந்தவ நான்.

சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். பத்து மணிக்கு வாங்க. சித்தியையும் வரச் சொல்லியிருக்கேன், அவ காதுலயும் விழட்டும். ரீடரை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. சொல்லி முடிச்சதும், எப்ப வீட்டுக்கு வாரேன்னு என்கிட்ட அன்னிக்கே கேக்காதீங்க. என் கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தோளுக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கேன்.

நேத்து மறுபடி மனுவைத் தொறந்தேன். ஒம்பதாம் பக்கத்துல இருந்தேன். பழையபடி, நீங்க நிக்கிற பக்கத்துக்குப் போகவான்னு கேட்டுச்சு. இருபத்து மூன்றாம் பக்கம் நான் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம். வேண்டாம்னு அழுத்திட்டேன்.

உங்க,
காளி